சலவை அறையிலிருந்து சகலைக்கு

தாணுலிங்கம்,
ஜூனில் டிக்கெட் மலிவு என்று எழுதியிருக்கிறாய்.
மலிவுதான்.
ஜூனில் மஸ்கட்டுக்கு வருகிறவர்களின் சட்டையைப்
பிழிந்தால் உப்பு எடுக்கலாம்.
டிசம்பருக்கு மாற்று.
வித்தியாசம் ஓர் ஆட்டின் விலை, அவ்வளவுதான்.

பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மிச்சமிருக்கிறதா பார்.
உன்னுடையதை மட்டுமல்ல, பொடியனுடையதையும்.
சின்னவர்களின் பாஸ்போர்ட் பாலைப் போல,
சொல்லாமல் திரிந்துவிடும்.

பொடியில் கசகசா அரைத்திருந்தால்
டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு வா.
இருமல் மருந்துக்கு டாக்டர் சீட்டு எடுத்துக்கொள்.
எங்கள் இஸ்திரி மேஜை ஞானசிகாமணி
மாமியார் கொடுத்தனுப்பிய குருமாப் பொடிக்காக
விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் நின்றான்.
மாமியாரைப் பற்றி அவனுக்கு ஏற்கெனவே ஒரு கருத்து உண்டு.
அன்று அது உறுதியானது.

இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும் என்பாய்.
பதினோரு வருடத்தில் நான் கண்ட நாடு
ரூவியில் ஓர் அறை, ஹோட்டலின் அடித்தளம்,
நடுவே பன்னிரண்டு நிமிட வேன்.
மற்றதையெல்லாம் பாக்கெட்டுகள் சொன்னவை.

மெஷினில் போடுமுன் ஒவ்வொன்றிலும் கை நுழைத்துப் பார்க்க வேண்டும்.
ஒரு பேனா தப்பினால் நாற்பது சட்டை நீலம்.
பணமோ மோதிரமோ கிடைத்தால் ரிஜிஸ்டரில் எழுதி மேலே அனுப்புவோம்.
துண்டுச் சீட்டுகளுக்கு ரிஜிஸ்டர் இல்லை.
அவை என் பிஸ்கட் டின்னில் இருக்கின்றன.

"நிஸ்வா. ஆட்டுச் சந்தை. வெள்ளி."
விடியுமுன் போனவர்களின் கால்சட்டையில் ஆட்டுமயிர்.
பத்து மணிக்குப் போனவர்களுடையதில் வெறும் தூசி.
எப்போது போவதென்று நீயே முடிவு செய்.

பெரிய மசூதிக்குக் காலையில் போ, பதினொன்றுக்குள்.
உமையம்மைக்குத் தலை மூடத் துப்பட்டா,
மணிக்கட்டு வரை கை.
வாசலில் அங்கி வாடகைக்குக் கிடைக்கும்,
எதற்கு வீண் செலவு.
மத்ரா கடைத்தெரு மதியம் தூங்கும்.
நீயும் தூங்கு.

வாதி ஷாபில் படகுக்குச் சில்லறை வேண்டும்.
நனைந்த ரியால்கள் என் மேஜையில் காய்ந்திருக்கின்றன.
மலைமேல் மேகம் கறுத்தால் பள்ளத்தில் இறங்காதே.
வெயில் அடிக்கிறதே என்று நினைக்காதே.
212ஆம் அறையின் சட்டைகளை
மடித்து எட்டு நாள் வைத்திருந்தோம்.

ஒரு ரியாலுக்கு ஆயிரம் பைசா.
புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம், பயப்படாதே.
ரூபாயில் பெருக்காதே,
பெருக்கினால் தண்ணீர் பாட்டில்கூட வாங்க மாட்டாய்.
நான் பெருக்குவேன். அதைப் பார்த்துக் கற்காதே.

நான்கு நாளுக்குப் பதினைந்து இடம் எழுதியிருக்கிறாய்.
நீளப் பட்டியல்கள் எப்போதும்
பாதிக்குமேல் அடிக்கப்படாமலே என்னிடம் வருகின்றன.
நாளைக்கு இரண்டு போதும்.
ஒரு சீட்டில் "ஐந்தாம் நாள்: ஒன்றுமில்லை" என்றிருந்தது.
அந்தச் சட்டையில் மார்பெங்கும் மாம்பழக் கறை,
மூன்று தடவை ஊறவைத்தும் போகவில்லை.

எங்கள் ஹோட்டலில் அறை போடாதே.
எனக்காகத் தள்ளுபடி தருவார்கள், வேண்டாம்.
உன் பாக்கெட்டில் கை நுழைக்க
எனக்கு மனசில்லை.

வாடகைக் காரில் பின்சீட்டு ஓரத்தை
பெட்டி வைத்து அடைத்துவிடாதே.
அந்த வெள்ளிக்கு லீவு கேட்டிருக்கிறேன்.
நிஸ்வாவுக்கு வழி எனக்கு மனப்பாடம்,
போனதில்லை, அவ்வளவுதான்.
ஐந்து மணிக்கு ரூவி மணிக்கூண்டருகே நிற்பேன்.
பழைய கால்சட்டையாகப் போட்டுக்கொண்டு வா.
ஆட்டுமயிர் லேசில் போகாது.